இரும்புக்கை மாயாவியா, ஸ்பைடரா? காரணத்தோடு சொல்லுங்க

#1 · புதுவாசகி
வணக்கம். மார்வெல், டிசி படிச்சுப் பழகினவ நான். தமிழ் காமிக்ஸ் பேசுற இடமெல்லாம் கடைசியில இந்த ரெண்டு பேர்லதான் வந்து நிக்குது. யார் யாரை அடிப்பார்ங்கிற கணக்கு எனக்கு வேண்டாம். எதை வெச்சு ஒருத்தரைப் பிடிச்சவரா தேர்ந்தெடுக்கிறது, எந்தக் கதையில ஆரம்பிக்கிறது, எந்தப் பதிப்பை வாங்குறது? இந்த மூணுக்கும் பதில் சொன்னாப் போதும்.

#2 · கருங்கோட்டை
முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். இந்த ஸ்பைடருக்கும் மார்வெல் ஸ்பைடர்மேனுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. நம்ம ரெண்டு பேருமே லண்டன் ஃப்ளீட்வே நிறுவனத்து ஆட்கள். மாயாவி 1962 அக்டோபர்ல 'வேலியன்ட்' வார இதழ்ல ஆரம்பிச்சார். ஸ்பைடர் 1965 ஜூன்ல 'லயன்' வார இதழ்ல. ஒரே கம்பெனி, ரெண்டு பத்திரிகை, ஆளுக்கொரு நட்சத்திரம்.

தமிழ்ல மாயாவி 1972-ல முத்து காமிக்ஸ் முதல் இதழ்லயே வந்துட்டார். ஸ்பைடர் 1984-ல பிறந்த லயன் காமிக்ஸோட ஆள். அங்கேயும் லயன், இங்கேயும் லயன்! இது தற்செயலா அமைஞ்சதுன்னாலும் பொருத்தமா இருக்கு. ரெண்டும் சிவகாசியில ஒரே குடும்பத்துப் பதிப்பகம். முத்துவை ஆரம்பிச்சவர் எம். சௌந்திரபாண்டியன், லயனை ஆரம்பிச்சவர் அவர் மகன் எஸ். விஜயன். ஆக இங்கேயும் ஒரே கூரைக்குக் கீழே ரெண்டு கட்சி.

என் ஓட்டு ஸ்பைடருக்கு. காரணம் பிறகு எழுதுறேன், முதல்ல எதிர்க்கட்சி பேசட்டும்.

#3 · ஃபியூஸ்வயர்
எதிர்க்கட்சி வந்தாச்சு.

மேடம், மாயாவியை எடைபோட அவர் சக்தியை விட அதோட விதியைப் பாருங்க. ஆள் பேர் லூயிஸ் கிராண்டேல். பேராசிரியர் பாரிஞ்சரோட ஆய்வுக்கூட உதவியாளர். விபத்துல வலது கை போய், எஃகுக் கை பொருத்திக்கிறார். பிறகு ஆய்வுக்கூடத்துல இன்னொரு வெடி விபத்து, உடம்புல மின்சாரம் பாயுது. அதிலிருந்து மின்சாரம் ஏறினா உடம்பு மறைஞ்சிடும், எஃகுக் கை மட்டும் மறையாது.

இந்த ஒரு பத்தியில நாலு கட்டுப்பாடு இருக்கு:

ஒண்ணு, மறையணும்னா மின்சாரம் வேணும். பிளக் பாயின்ட், அறுந்த ஒயர், ஜெனரேட்டர்னு ஏதாவது ஒண்ணு அந்த இடத்துல இருந்தாகணும். காட்டுலயோ தீவுலயோ கதை நடந்தா மின்சாரத்துக்கு எங்கே போறதுங்கிறதே கதாசிரியருக்குப் பாதி வேலை.
ரெண்டு, ஏறின சக்தி இறங்கும். எதிரி கூடாரத்து நடுவுல நிக்கும்போதுதான் இறங்கும்னு சொல்லவே வேண்டாம்.
மூணு, கை தெரியும். பதுங்கலாம், ஆனா முழுசா ஒளிய முடியாது.
நாலு, கண்ணுக்குத் தெரியாட்டியும் ஆள் அங்கேதான் இருக்கார். குண்டு பட்டா படும், கதவைச் சாத்தினா மாட்டிக்குவார்.

அதனால ஒரு அறைக்குள்ள அவர் நுழையறார்னா வாசகனும் சேர்ந்து சுவர்ல பிளக் எங்கேன்னு தேடுவான். வேற எந்த ஹீரோ கதையில வாசகனுக்கு இப்படி ஒரு வேலை இருக்கு? கதவுக் கைப்பிடியை வெறும் எஃகுக் கை மட்டும் திருகுற கட்டத்தைப் பாருங்க. மணிக்கட்டோட உருவம் நின்னுபோகும், அதுக்குப் பின்னாடி காலி வராந்தா. ஒரு வசனமும் வேண்டாம்.

ஸ்பைடருக்கு அப்படி என்ன விதி இருக்குன்னு கருங்கோட்டை அண்ணன் சொல்லட்டும்.

(சின்னப் பசங்க யாராவது படிச்சா: நம்ம வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கசிவு 30 மில்லி ஆம்பியர் போனாலே இணைப்பைத் துண்டிக்கிற மாதிரிதான் பாதுகாப்பு சுவிட்சு வைக்கிறாங்க. அதுக்கு மேல உடம்புல பாய்ஞ்சா மறைய மாட்டீங்க, போய்ச் சேர்ந்துடுவீங்க.)

#4 · கருங்கோட்டை
விதி இருக்கு தம்பி. உடம்புல தேடினா கிடைக்காது, குணத்துல தேடணும்.

ஸ்பைடர் நல்லவனா ஆரம்பிக்கல. குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆகணும்ங்கிறதுதான் முதல் கதையில அவன் திட்டம். அதுக்கு முதல் காரியமா ஆள் சேர்க்கிறான்: பெட்டகம் உடைக்கிறதுல கெட்டிக்காரன் ராய் ஆர்டினி, கருவிகள் செய்யுற பேராசிரியர் பெல்ஹாம். எதிர்ப்பக்கம் துப்பறியும் அதிகாரிகள் கில்மோரும் ட்ராஸ்க்கும். ஸ்காட்லாந்துக் கோட்டை ஒண்ணைக் கல் கல்லாப் பெயர்த்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து கட்டி, அதுல குடியிருக்கான். கையில வலைத் துப்பாக்கி, வாயுத் துப்பாக்கி. பறக்கிறதுக்கு ஹெலிகார்.

இப்போ விதிக்கு வர்றேன். அவன் தோற்கிற இடம் எல்லாம் அகங்காரத்தாலதான். தன்னை விடப் புத்திசாலி உலகத்துல இல்லைங்கிற நினைப்பு. ஆர்டினியும் பெல்ஹாமும் பயத்துலயும் ஆசையிலயும் கூட இருக்காங்களே தவிர, விசுவாசத்துல இல்லை. வெளியே போலீஸ், உள்ளே எப்போ கவிழ்ப்பாங்களோன்னு சந்தேகம். ரெண்டு பக்கமும் கத்தி. இந்தக் கூட்டணிக் கூத்து மாயாவி கதையில கிடையாது, அங்கே அவர் தனி ஆள்.

இன்னொண்ணு, அவன் யாரு, எங்கிருந்து வந்தான், முழுப் பேர் என்னன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை. கூர்மையான காது, நெத்தியில முக்கோணமா இறங்குற முடி, உடம்போட ஒட்டின கறுப்பு உடை. அவ்வளவுதான் தகவல். இப்போ வர்ற ஹீரோக்களுக்கு அம்மா, அப்பா, அத்தை, சோகக் கதைன்னு ஒரு குடும்ப அட்டையே தர்றாங்க. இவனுக்கு ஒண்ணும் கிடையாது.

#5 · சாத்தூர் எக்ஸ்பிரஸ்
ரெண்டு பேரும் வேண்டாம். ஆர்ச்சி!!!

#6 · நெறியாளர்
இரும்பு மனிதன் ஆர்ச்சிக்குத் தனி இழை இருக்கு. எக்ஸ்பிரஸ் அங்கே நிக்கவும்.

#7 · நியூஸ்பிரிண்ட்
கதையை விட்டுட்டுப் படத்துக்கு வாங்க. பிடிச்சவர் யாருங்கிற கேள்வியில பாதி, ஹெசூஸ் பிளாஸ்கோவா ரெஜ் பன்னாங்கிற கேள்விதான்.

மாயாவியை வரைஞ்சவர் பிளாஸ்கோ, ஸ்பெயின்காரர். 1919-ல பிறந்து 1995-ல காலமானவர். மனுஷ உடம்பு, துணி மடிப்பு, தெரு, கார் எல்லாம் புகைப்படம் பார்க்கிற மாதிரி இருக்கும். இதுல ஒரு கணக்கு இருக்கு. ஆளே தெரியாத கட்டத்துல வாசகன் நம்பணும்னா மத்த பொருளெல்லாம் அச்சு அசலா இருக்கணும். நாற்காலி நாற்காலியா இருந்தாத்தான் அதுல உட்கார்ந்திருக்கிற வெற்றிடம் மனுஷனாத் தெரியும். கார்ட்டூன் பாணியில வரைஞ்சிருந்தா இந்தக் கதையே நின்னிருக்காது.

ஸ்பைடரை வரைஞ்சவர் ரெஜ் பன், பிரிட்டிஷ்காரர். இதுக்கு முன்னாடி ராபின் ஹூட் மாதிரியான சாகசக் கதைகள் வரைஞ்சவர். நிழலுக்குக் குறுக்கும் நெடுக்குமா கோடு இழைக்கிறது அவர் பாணி. கோட்டைச் சுவர், ஸ்பைடர் முகத்துல விழுற நிழல், வலை, எல்லாம் கோடு கோடாத்தான் இருக்கும். வெளிச்சம் கீழே இருந்து வர்ற மாதிரி முகத்தை வரைவார், அதனாலதான் நல்லவனா மாறின பிறகும் ஸ்பைடர் முகம் பார்க்க வில்லன் மாதிரியே இருக்கு.

அச்சுல ரெண்டு பேருக்கும் வேற வேற வியாதி வரும். பன்னோட இழைப்பைச் சின்னதாக்கி மட்டக் காகிதத்துல அடிச்சா மை பரவி, கோட்டுக்கு நடுவுல இருக்கிற வெள்ளை அடைபட்டுப் போகும். கோட்டைச் சுவர் கரிச்சட்டி ஆயிடும். பிளாஸ்கோவுக்கு நேர் எதிர். அவரோட மெல்லிய கோடு சின்னதாகும்போது அறுந்து காணாமலே போகும், முகம் வெளிறிப் போகும். பழைய இதழ்ல ஸ்பைடர் கறுப்பா அப்பியிருந்தாலோ மாயாவி பேய் மாதிரி இருந்தாலோ ஓவியரைத் திட்டாதீங்க.

அப்புறம் வண்ணம். ரெண்டுமே கறுப்பு வெள்ளையில அச்சாகுறதுக்காக வரைஞ்சது. பன்னோட இழைப்பு மேல வண்ணம் பூசினா சேறு. மாயாவிக்கு வண்ணம் ஓரளவு தாங்கும், ஆனா எஃகுக் கைக்கும் பின்னணிக்கும் நடுவுல இருக்கிற கறுப்பு-வெள்ளை வித்தியாசம் குறைஞ்சா, அந்தக் கை கண்ணுல உடனே பட மாட்டேங்குது. ரெண்டுலயும் கறுப்பு வெள்ளையே வாங்குங்க.

#8 · புதுவாசகி
நியூஸ்பிரிண்ட் சார், நன்றி. என்கிட்ட ஒரு பழைய மாயாவி இதழ் இருக்கு. பக்கத்துக்கு ரெண்டு மூணு கட்டம்தான், படம் கொஞ்சம் கரடுமுரடு. நீங்க சொல்ற புகைப்படத் தெளிவு இல்லையே?

#9 · பாக்கெட் சைஸ்
அதுக்கு நான் பதில் சொல்றேன், பேர்லயே இருக்கு.

வார இதழ்ல வந்த தொடர் வேற, பாக்கெட் புத்தகத்துல வந்த முழுநீளக் கதை வேற. 1967-68-ல ஃப்ளீட்வே 'சூப்பர் லைப்ரரி'ங்கிற பேர்ல நூத்திச் சொச்சம் பக்கத்துச் சின்ன புத்தகங்கள் போட்டாங்க. அதுல ஒரு வரிசையில மாயாவியும் ஸ்பைடரும் மாத்தி மாத்தி வந்தாங்க. அந்தப் புத்தகங்களுக்கு வேற ஓவியர்களும் வரைஞ்சாங்க, அதனால பிளாஸ்கோ, பன் தரத்தை அதுல எதிர்பார்க்க முடியாது. தமிழ்ல வந்த பழைய மாயாவி கதைகள்ல பல இந்தப் பாக்கெட் புத்தகங்கள்ல இருந்து எடுத்தது. அளவு நம்ம பழைய முத்து இதழுக்குப் பொருந்தும், கதையும் ஒரே புத்தகத்துல முடிஞ்சிடும். பதிப்பாளருக்கு அதை விட என்ன வேணும்?

இனம் கண்டுபிடிக்க வழி: பக்கத்துக்கு ரெண்டு மூணு பெரிய கட்டம்னா பாக்கெட் புத்தகமா இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கத்துல ஏழெட்டுச் சின்னக் கட்டம், சில பக்கத்துக்கு ஒரு தடவை "முன்கதை" மாதிரி ஒரு வரி, உடனே ஒரு ஆபத்துன்னா அது வாரத் தொடர். ஆனா வாரத் தொடரையும் கட்டம் கட்டமா வெட்டி, சின்ன பக்கத்துல ஒட்டிப் போட்ட பதிப்புகள் உண்டு. ஸ்பெயின்ல வெர்டிசே பதிப்பகம் இதையே வழக்கமா வெச்சிருந்தது. கட்டத்தோட ஓரம் சுருக்குன்னு நின்னாலோ, படம் பாதியில அறுந்தாலோ, பின்னணி மட்டும் வேற கையால நீட்டின மாதிரி தெரிஞ்சாலோ அது வெட்டி ஒட்டினதுதான்.

இன்னொரு விஷயமும் பாருங்க. ஆங்கில பலூனுக்குள்ள தமிழ் அடங்காது. பலூனைப் பெரிசாக்கினா படம் மறையுது, எழுத்தைச் சின்னதாக்கினா கண்ணு வலிக்குது, வசனத்தைக் குறைச்சா ஸ்பைடரோட தற்பெருமை போயிடுது. இதுல ஸ்பைடருக்குத்தான் நஷ்டம் ஜாஸ்தி. மாயாவி காலி கட்டத்துல சும்மா நடமாடுற ஆள், பலூனே தேவையில்லை. ஸ்பைடர் வாயை மூட மாட்டான்.

#10 · ஃபியூஸ்வயர்
"வாயை மூட மாட்டான்." எங்க வாதம் முடிஞ்சது, நன்றி.

#11 · கருங்கோட்டை
முடியல. அந்த வாய்க்கொழுப்பை எழுதினது யாருன்னு தெரியுமா? முதல் ரெண்டு கதையை எழுதினவர் டெட் கோவன். அதுக்குப் பிறகு வந்தவர் ஜெர்ரி சீகல். 1938-ல ஜோ ஷஸ்டரோட சேர்ந்து சூப்பர்மேனைப் படைச்ச அதே சீகல். உலகத்தோட முதல் பெரிய சூப்பர் ஹீரோவை எழுதின கை, அதுக்கு நேர்மாறான ஒருத்தனையும் எழுதுது. சூப்பர்மேன்கிட்ட இல்லாத அத்தனை கெட்ட குணமும் இங்கே இருக்கு: பெருமை, பொறாமை, வேலைக்காரங்களைத் திட்டுறது, தன் பேரைத் தானே மூணாம் மனுஷன் மாதிரி சொல்லிக்கிறது.

வில்லன்களும் அப்படித்தான். இல்லாததை இருக்கிற மாதிரி காட்டுற மிரர்மேன் கோவன் காலத்து ஆள். பிறகு சீகல் காலத்துல டாக்டர் மிஸ்டீரியோசோ, ஏழு பேர் கூட்டணியான சினிஸ்டர் செவன், ஸ்பைடரையே நகல் எடுக்கிற ஸ்பைடர் பாய்னு வரிசை கட்டி வர்றாங்க. மாயாவிக்கு இப்படி வில்லன் வரிசை சொல்லுங்க பார்ப்போம்.

#12 · ஃபியூஸ்வயர்
வில்லன் வரிசை ஸ்பைடர் பக்கம்தான் பலம், ஒத்துக்கிறேன். ஆனா அதே சீகல்தான் தொடரை வேற திசைக்குத் திருப்பினார். குற்றவாளிச் சக்கரவர்த்தியா இருந்தவன், குற்றம் செய்யறது ரொம்ப சுலபமா இருக்கு, குற்றவாளிகளை வேட்டையாடறதுதான் சவால்னு நீதிக்காவலன் ஆயிடறான். 1966-ல அமெரிக்கத் தொலைக்காட்சியில பேட்மேன் வந்து உலகமே அதுக்குப் பின்னாடி ஓடின சமயம். அதுக்கப்புறம் ஒவ்வொரு கதையிலயும் முந்தினதை விடப் பெரிய வில்லன், அவனை மடக்க அந்த நிமிஷத்துல முளைக்கிற ஒரு கருவி. பெல்ஹாம் பையில இருந்து என்ன வேணும்னாலும் வரும்னா, எனக்கு எதுக்குப் பதட்டம்?

#13 · கருங்கோட்டை
மாயாவி மட்டும் திசை மாறலையா? முதல் கதையில உங்க ஆளும் திருடன்தான் தம்பி, வங்கியில கை வெச்சவர். பிறகுதான் நல்லவரானார். அப்புறம் பிரிட்டிஷ் உளவுத்துறையோட நிழல் படையில சேர்ந்து, எஃகுக் கைக்குள்ள விரல் துப்பாக்கி, வாயு, வானொலின்னு ஆயுதக் கிடங்கே வெச்சுக்கிட்டார். அது முளைக்கிற கருவி இல்லையா? அதுக்கும் மேல, நடுவுல கொஞ்ச காலம் முகமூடி, உடுப்பெல்லாம் போட்டு சூப்பர் ஹீரோ வேஷம் கட்டினாரே, அது யாருக்காக?

#14 · ஃபியூஸ்வயர்
அந்த உடுப்புக் காலம் மாயாவி ரசிகர்களே பேச விரும்பாத சமாச்சாரம். காரணம் சொல்றேன். அந்த உடை மின்சாரத்தைத் தேக்கி வெச்சுக்கும். பிளக் தேடற வேலை போச்சு, அதோட பதட்டமும் போச்சு. நான் மூணாவது பதிவுல சொன்ன முதல் ரெண்டு விதியையும் அதுவே உடைச்சது. அதனாலதான் நிக்கல, கொஞ்ச நாள்ல கழட்டி வெச்சுட்டாங்க. 1970-ல தொடர் நின்னு 1971-ல திரும்பி வந்தப்போ உடுப்பு கிடையாது, கூலிக்குக் குற்றவாளி பிடிக்கிற ஆளா வந்தார்.

நிழல் படைக் கருவிகள் வேற. அது கையோடயே இருக்கு, கை எங்கே இருக்குன்னு எதிரிக்குத் தெரியும். ஆபத்தைக் குறைக்கல.

#15 · நியூஸ்பிரிண்ட்
ரெண்டு பேரும் ஒரே பலவீனத்தைத்தான் மாத்தி மாத்திச் சொல்றீங்க. வாரப் பத்திரிகையில வருஷக்கணக்கா ஓடற எந்தத் தொடரும் தன் விதியைத் தானே தின்னும். மாயாவி 1962-ல ஆரம்பிச்சு 1973 வரைக்கும் இழுத்தார், ஸ்பைடர் 1969-ல நிறுத்திக்கிட்டான். சீக்கிரம் நிறுத்தினதால ஸ்பைடருக்குத் தேறாத கதை எண்ணிக்கையில குறைவு. தேறின கதையோட உச்சம் மாயாவியில உயரம். என் கணக்கு இது.

#16 · பாக்கெட் சைஸ்
உச்சத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு மேடத்துக்குச் சொல்லிடுவோம்.

ஆளுக்கு மூணு கதை எடுங்க: ஒண்ணு ஆரம்பக் கதை, ஒண்ணு நடுவுல, ஒண்ணு கடைசிக் காலத்துல இருந்து. மாயாவிக்கு: திருடனா வர்ற முதல் கதை, நிழல் படைக் கதை ஒண்ணு, கூலிக்குக் குற்றவாளி பிடிக்கிற காலத்துக் கதை ஒண்ணு. ஸ்பைடருக்கு: ஆர்டினியையும் பெல்ஹாமையும் சேர்க்கிற முதல் கதை, மிரர்மேன் கதை, நீதிக்காவலன் ஆன பிறகு வந்த ஏதாவது ஒண்ணு. ஒருத்தரோட முதல் கதையையும் இன்னொருத்தரோட கடைசிக் கதையையும் பக்கத்துல வெச்சு முடிவு பண்றதுதான் இந்தச் சண்டையில முக்கால்வாசி.

அடுத்தது, ஒரே மூச்சுல படிக்காதீங்க. ரெண்டுமே வாரத்துக்குச் சில பக்கம்னு அளந்து போட்டது. ஒவ்வொரு தவணைக் கடைசியிலயும் ஒரு ஆபத்து, அடுத்த தவணை முதல் கட்டத்துல அதோட விளக்கம். நூறு பக்கத்தைச் சேர்த்துப் படிச்சா "சாகப் போறான், தப்பிச்சான்" திரும்பத் திரும்ப வந்து சலிச்சுப் போகும். குறிப்பா ஸ்பைடர். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கத்துக்கு மேல வேண்டாம். தவணை முடியற இடத்தைக் கண்டுபிடிச்சு அங்கேயே நிறுத்திட்டீங்கன்னா மறுநாள் தானா கை போகும்.

ஒரு கதை முடிஞ்சதும் மூணு கேள்வி கேளுங்க. ஹீரோ தப்பிச்சதுக்குக் காரணம் கதையில முன்னாடியே காட்டின பொருளா, அந்த நிமிஷம் வந்த பொருளா? வில்லன் இல்லாம ஹீரோ மட்டும் இருக்கிற பக்கம் சுவாரசியமா இருந்துச்சா? வசனத்தை மூடிட்டுப் படத்தை மட்டும் பார்த்தா கதை புரியுதா? முதல் கேள்வியிலயும் மூணாவதுலயும் மாயாவி ஜெயிப்பார். ரெண்டாவதுல ஸ்பைடர் ஜெயிப்பான். எது உங்களுக்கு முக்கியம்ங்கிறது உங்க இஷ்டம்.

#17 · தினத்தந்தி பக்கம் எட்டு
இவ்வளவு பேசறீங்க, உண்மையான காரணத்தை யாரும் சொல்லலையே. இங்கிலாந்துல இவங்களுக்கு நடுவுல மூணு வருஷம்தான் இடைவெளி. அதே பசங்க ரெண்டையும் படிச்சாங்க. 1975-76-ல வந்த 'வல்கன்' வார இதழ்ல ரெண்டு பேரும் மறுபதிப்பா ஒரே இதழ்ல ஓடினாங்க. சண்டைக்கே இடமில்லை. தமிழ்ல முத்துவுக்கும் லயனுக்கும் பன்னிரண்டு வருஷம். எழுபதுகள்ல பள்ளிக்கூடம் போனவருக்கு மாயாவி, எண்பதுகள்ல போனவருக்கு ஸ்பைடர். பத்து வயசுல யார் கையில கிடைச்சாரோ அவர்தான் ஹீரோ. இதுல விதி, அகங்காரம், இழைப்புக் கோடெல்லாம் பின்னாடி கண்டுபிடிச்ச நியாயம்.

#18 · ஃபியூஸ்வயர்
அப்படின்னா எண்பதுகள்ல படிச்சவங்கள்ல மாயாவி ரசிகர் இருக்கவே கூடாது. மாயாவி மறுபதிப்பு அப்பவும் வந்துக்கிட்டுதானே இருந்துச்சு? ரெண்டும் ஒரே பெட்டிக்கடையில தொங்கினப்போ மாயாவியை எடுத்தவங்க நிறையப் பேர்.

#19 · தினத்தந்தி பக்கம் எட்டு
அவங்களுக்கு ஒரு அண்ணன் இருந்திருப்பார்.

#20 · கருங்கோட்டை
😂 இதுக்கு எதிர்வாதம் இல்லை.

ஆனா மேடம் பத்து வயசுல ரெண்டையும் படிக்காதவங்க. அண்ணன், பெட்டிக்கடை எதுவும் இல்லாம ஒருத்தர் இப்போ புதுசா படிச்சு எந்தப் பக்கம் சாயறாங்கன்னு பார்க்கத்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கேன்.

#21 · புதுவாசகி
முதல் கேள்விக்குப் பதில் நிறையவே கிடைச்சது. நான் பேட்மேனை விட ஜோக்கரை ரசிக்கிற ஆள், அதனால இப்போதைக்கு ஸ்பைடர்ல ஆரம்பிக்கிறேன். எதை வாங்கட்டும்? ஆங்கிலமும் படிப்பேன்.

#22 · நியூஸ்பிரிண்ட்
ஆங்கிலத்துல சுலபம். 2005-ல டைட்டன் பதிப்பகம் ஆளுக்கொரு கெட்டி அட்டைத் தொகுப்பு போட்டது, ஆனா அது இப்போ பழைய புத்தகச் சந்தையில தேட வேண்டிய சரக்கு. ஃப்ளீட்வேயோட அந்தப் பழைய பொக்கிஷத்தை 2018-ல ரெபெலியன் நிறுவனம் வாங்கிடுச்சு. 2021-ல ரெண்டு பேரோட ஆரம்பக் கதைகளையும் தொகுத்துப் போட ஆரம்பிச்சாங்க. மின்னூலாவும் கிடைக்குது. மின்னூல் வாங்கினா கைபேசியில படிக்காதீங்க, பன்னோட இழைப்பு அந்தத் திரையில நெளியும். பத்து அங்குலத் திரை வேணும்.

ஆலன் மூர் கதைக் கருவுல 2005-06-ல வைல்ட்ஸ்டார்ம் வெளியிட்ட 'ஆல்பியன்' தொடர்லயும் ரெண்டு பேரும் வர்றாங்க. அதைக் கடைசியில படிங்க. பழைய பாத்திரங்களைத் தெரிஞ்சவங்களுக்காக எழுதினது, முதல்ல படிச்சா ஒண்ணும் விளங்காது.

#23 · பாக்கெட் சைஸ்
தமிழ்ல 2015 வாக்குல சிவகாசியில இருந்தே மாயாவி, ஸ்பைடர், அப்புறம் லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோன்னு மத்த பழைய ஹீரோக்களோட மறுபதிப்புகளும் வந்துச்சு. நல்ல வெள்ளைக் காகிதம், அச்சும் தெளிவு. ஸ்பைடருக்குத் தமிழ்ல ஆரம்பம் வேணும்னா 'எத்தனுக்கு எத்தன்' தேடுங்க.

பழைய மூல இதழ்தான் வேணும்னு அடம் பிடிச்சா, காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க:

நடுப்பக்கம் இருக்கான்னு பாருங்க. பின் துருப்பிடிச்சு, நடுத்தாள் கழண்டு விழறதுதான் வழக்கம். நாலு பக்கம் ஒரேயடியாப் போயிடும், விற்கிறவருக்கே தெரியாது. பக்க எண்ணை எண்ணிப் பார்க்காம வாங்காதீங்க.
அட்டை அந்த இதழோடதான்னு பாருங்க. உள்பக்கத் தலைப்பும் அட்டைத் தலைப்பும் ஒத்துப்போகணும். வேற இதழ் அட்டையை ஒட்டி விற்கிறது நடக்குது. அட்டை நகலா இருந்தா அது பளபளப்பா, முனை மழுங்காம புதுசா இருக்கும், உள்தாள் மட்டும் பழுப்பா இருக்கும்.
பைண்டு பண்ணின தொகுப்புன்னா, நடு ஓரத்துல வசனம் தையலுக்குள்ள போயிருக்கும். விரிச்சுப் படிக்க முடியுதான்னு ரெண்டு மூணு இடத்துல பாருங்க. ஓரம் வெட்டின தொகுப்புல மேல் வரிசைக் கட்டத்தோட தலையும் சேர்ந்து போயிருக்கும்.
துருப்பின்னை நீங்களே பிடுங்காதீங்க, தாளும் சேர்ந்து கிழியும். நடுப்பக்கத்தை விரிச்சு, பின்னோட ரெண்டு காலையும் தட்டையான கத்தியால நிமிர்த்திட்டு, வெளியே முதுகுப் பக்கமா மெதுவா எடுக்கணும். அப்புறம் பருத்தி நூல் போட்டுத் தைச்சுக்கலாம். செலோ டேப் மட்டும் கூடவே கூடாது, கொஞ்ச வருஷத்துல பசை மஞ்சளாகித் தாளுக்குள்ள இறங்கிடும், எடுக்கவே முடியாது.

#24 · நியூஸ்பிரிண்ட்
ஒண்ணு சேர்த்துக்கிறேன். சொந்த உபயோகத்துக்கு ஸ்கேன் பண்ணி வெச்சுக்கிறதா இருந்தா அங்குலத்துக்கு 600 புள்ளித் தெளிவு, சாம்பல் நிற முறை. வெறும் கறுப்பு-வெள்ளை முறையில வெச்சா பிளாஸ்கோவோட மெல்லிய கோடு போயிடும், பன்னோட இழைப்பு ஒட்டிக்கும். தாளுக்குப் பின்னாடி ஒரு கறுப்பு அட்டை வெச்சுக்கிட்டா அடுத்த பக்கத்து மை ஊடுருவித் தெரியாது.

#25 · சாத்தூர் எக்ஸ்பிரஸ்
ஆர்ச்சி இதழுக்கும் இதே மாதிரிதான் பின் எடுக்கணுமா?

#26 · நெறியாளர்
அதே மாதிரிதான். ஆனா அங்கே போய்க் கேளுங்க.